தனியாக வாழும் பெரியவர்களும் தனிமையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு ஒன்பது பேரிடம் போனில் பேசுகிறேன். எல்லோரும் 65-ஐத் தாண்டியவர்கள், தனியாகக் குடியிருப்பவர்கள். சின்னத் தன்னார்வக் குழு ஒன்றுக்காக ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறேன். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து இருபதுதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டரிடம் போகவேண்டிய இடம் எது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"தனியா இருக்கிறதும் தனிமையும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டாப் பிரிச்சுப் பேசறீங்க?"

ரெண்டும் வேறு வேறு. குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் குடியிருப்பது ஒரு ஏற்பாடு, எண்ணிச் சொல்லிவிடலாம். வாரம் முழுக்க யாரிடமும் நாலு வார்த்தை பேசாமல் கழிவது தொடர்பின்மை, அதையும் எண்ணிவிடலாம். தனிமை உணர்வு என்பது நமக்கு வேண்டிய உறவுக்கும் கையில் இருக்கிற உறவுக்கும் நடுவே விழுகிற பள்ளம். அதை அனுபவிப்பவர் சொன்னால்தான் உண்டு. ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் இதில் கிடந்து தவிக்கலாம், ஒற்றை ஆளாக இருப்பவர் நிறைவாக இருக்கலாம்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் இந்தத் தனிமையையே இன்னும் இரண்டாகப் பிரித்தார். மனசு விட்டுப் பேச நெருக்கமான ஒரு ஆள் இல்லாமல் போவது ஒரு வகை. நாலு பேர் கூடுகிற வட்டமே இல்லாமல் போவது இன்னொரு வகை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது என்று அவர் சொன்னதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் கைகொடுத்தது. கீழே இன்னொரு பதிலில் இதற்கே திரும்பி வருவேன்.

"வயசானா தனிமை வர்றது சகஜம்தானே, அதுக்கு என்ன பண்ண முடியும்?"

சகஜம் என்று சொல்லி விட்டுவிடுவதுதான் பெரிய சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார், அதில் பதின்வயதினரின் விகிதம் முதியவர்களுடையதைவிடக் கூடுதல். வயது ஏற ஏறத் தனிமையும் ஏறும் என்று கணக்கு எதுவும் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. வயதானவர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள். மேலோட்டமான பழக்கங்களை உதறிவிட்டு மனசுக்குப் பிடித்த சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், அதில் திருப்தியாகவும் இருக்கிறார்கள்.

பிரச்சினை வருவது அந்தச் சிலரில் ஒருவர் இறந்துபோகும்போது, காது மந்தமாகும்போது, முட்டிவலியால் மாடிப்படி இறங்க முடியாமல் போகும்போது, வண்டி ஓட்டுவதை நிறுத்தும்போது. இவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்ய முடியும், "வயசாச்சு" என்பதற்குத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

"இதனால உடம்புக்கு நிஜமாவே ஏதாவது ஆகுமா, இல்ல சும்மா பயமுறுத்தறீங்களா?"

ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலம் முழுக்க உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2015-இல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு, தொடர்பின்றி இருப்பவர்களுக்கு 29 சதவீதமும் தனிமையை உணர்பவர்களுக்கு 26 சதவீதமும் தனியாகக் குடியிருப்பவர்களுக்கு 32 சதவீதமும் கூடுதல். கடைசி எண்ணைக் கவனியுங்கள். நிம்மதியாகத் தனியே வாழ்பவருக்கும் ஒரு அபாயம் இருக்கத்தான் செய்கிறது, மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இல்லை என்பது மனநிலையைப் பொறுத்த விஷயம் இல்லையே.

இவையெல்லாம் ஏற்கெனவே உடம்பு முடியாமல் இருப்பவர்தான் தனித்துப் போகிறாரா, தனித்துப் போனதால் உடம்பு கெட்டதா என்று முழுதாகப் பிரித்துச் சொல்லாத ஆய்வுகள். ரெண்டு பக்கமும் நடக்கிறது. நான் போனில் பார்க்கிற வழி ரொம்பச் சாதாரணமானது: ஒருத்திக்காக எதற்கு அடுப்புப் பற்றவைப்பது என்று ராத்திரி சமைப்பதை விடுகிறார்கள், மாத்திரை விட்டுப்போகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது, நடை குறைகிறது.

"கேட்டா 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்றாங்க. அம்மா தனிமையா இருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தனிமையா இருக்கியாம்மா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். பிள்ளையைக் குற்றம் சொல்வது மாதிரி ஆகிவிடும் என்று பயம். ஆராய்ச்சியாளர்கள் 2004 முதல் பயன்படுத்தும் மூன்று கேள்விகளில் தனிமை என்ற சொல்லே வராது. கூட ஆள் இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து விலகிப்போய்விட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? எப்போதாவது என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. மொத்தம் 6-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது என்று பல ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றையும் வரிசையாக ஒப்பிக்காமல் பேச்சுவாக்கில் நுழைத்துவிடுங்கள்.

கேட்காமலும் தெரிந்துகொள்ளலாம். "சரி வைக்கட்டுமா" என்று நீங்கள் சொன்ன பிறகு புதுசாக ஒரு விஷயத்தை ஆரம்பிக்கிறார்களா? மீட்டர் பார்க்க வந்தவரைப் பற்றி நாலு நாள் கழித்தும் பேசுகிறார்களா? காரணமே இல்லாமல் டாக்டரிடம் போய்விட்டு வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்பதைவிட அங்கே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விவரமாகச் சொல்கிறார்களா? இது மூன்றும் இருந்தால் மதிப்பெண் போடவேண்டிய அவசியமே இல்லை.

"தினமும் போன் பண்றேன். அதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

அந்தப் போனில் என்ன பேசுகிறீர்கள்? நான் கேட்டவரையில் பெரும்பாலும் இதுதான்: சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, தூங்கினியா. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து மூன்று "ஆச்சு" வரும், போன் முடிந்துவிடும். தப்பென்று சொல்லமாட்டேன், அக்கறை இல்லாமலா கேட்கிறோம்? ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த மனிதரே தேவையில்லை, உடம்பு மட்டும் இருந்தால் போதும்.

என் ஒன்பது பேரில் 78 வயது அம்மா ஒருவர், நாற்பது வருடம் தையல் வேலை செய்தவர். முதல் நாலு மாதம் எங்கள் பேச்சு நாலு நிமிடத்தைத் தாண்டியதே இல்லை. ஒரு நாள் பேச ஒன்றும் இல்லாமல், என் சட்டை முழங்கையில் கிழிந்துவிட்டது, தூக்கிப் போடத்தான் வேண்டும் என்று சும்மா சொன்னேன். "நேராக் கிழிஞ்சிருக்கா, மூலை மடிஞ்ச மாதிரி கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "போய் ஜன்னல்கிட்ட பிடிச்சுப் பாத்துட்டு வா, நான் வச்சுக்கிட்டிருக்கேன்." அப்புறம் புது நூல் வாங்காதே, சட்டையின் உள்தையலிலிருந்தே ஒரு இழை உருவு, நிறம் கச்சிதமாகச் சேரும் என்று ஆரம்பித்து, ஊசியை எந்தப் பக்கம் குத்தி எந்தப் பக்கம் எடுப்பது என்பதுவரை 40 நிமிடம். அடுத்த வாரம் நான் வாயைத் திறப்பதற்குள், "முழங்கை என்னாச்சு?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவரிடம் எதையும் கேட்டதே இல்லை. அடுத்தவருக்கு நாம் தேவைப்படுகிறோம், நம்மை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பு பேச்சுத்துணையைவிடக் கனமானது. ஆகவே போனில் ஏதாவது கேளுங்கள். வழி கேளுங்கள், அபிப்பிராயம் கேளுங்கள், பழைய கணக்கு ஒன்றைக் கேளுங்கள். நிஜமாகவே தெரியாததைக் கேட்கவேண்டும், வேண்டுமென்றே தெரியாத மாதிரி நடித்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"அடிக்கடி கொஞ்ச நேரம் பேசறது நல்லதா, எப்பவாவது ரொம்ப நேரம் பேசறது நல்லதா?"

நேரத்தின் நீளத்தைவிட நாளும் மணியும் மாறாமல் இருப்பது முக்கியம். செவ்வாய் மாலை ஐந்து மணி என்றால் செவ்வாய் மாலை ஐந்து மணிதான். காத்திருக்க ஒன்று இருந்தால் திங்கட்கிழமையும் கொஞ்சம் லேசாகும். "நேரம் கிடைக்கும்போது கூப்பிடறேன்" என்பது அன்பான வாக்கியம்தான், கேட்பவருக்கு அது ஏழு நாள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற வாக்கியம்.

"எங்களோட வந்து இருங்கன்னா வரமாட்டேங்கறாங்க. இது வெறும் பிடிவாதம்தானே?"

கொஞ்சம் பிடிவாதமும் இருக்கலாம். ஆனால் அவர்கள் விட்டுவிட்டு வரவேண்டியது என்னென்ன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ராத்திரி எழுந்தால் விளக்குப் போடாமலே கை போகிற சுவிட்ச், எப்போது வேண்டுமானாலும் சத்தமாக வைக்கிற ரேடியோ, எதிர்வீட்டுக்காரரின் தலையசைப்பு, மருந்துக்கடையில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பையன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே இந்த மாதிரி மெல்லிய பழக்கங்களின் பலத்தைப் பற்றி எழுதினார், அவருடைய முக்கிய உதாரணம் வேலை தேடுபவர்கள். தினசரி வாழ்க்கையில், அரைகுறையாகத் தெரிந்தவர்களோடு அதிகம் பேசிய நாட்களில் ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் 2014-இல் காட்டினார்கள். மகன் வீட்டில் மகன் இருப்பான், ஆனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை அங்கே மேற்சொன்ன யாரும் இருக்கமாட்டார்கள்.

வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நினைவு தடுமாறுகிறது, அடுப்பை அணைக்க மறக்கிறார்கள், மாதம் இருமுறை விழுகிறார்கள் என்றால் பேச்சே வேறு. அதுவரைக்கும் ஒரு மாதம் வந்து இருந்து பார்க்கட்டும், அவர்கள் வீட்டைப் பூட்டி மட்டும் வையுங்கள், காலி செய்யாதீர்கள்.

"எனக்கு 72 வயசு. அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. வீட்டுக்கு ஆளுங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா அவங்க போனதும் முன்னைவிட மோசமா இருக்கு. எனக்கு என்ன ஆச்சு?"

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் கேள்வியில் வைஸ் பிரித்த இரண்டு வகையில் உங்களுடையது முதலாவது. உங்களுக்கு வட்டம் இருக்கிறது, அந்த ஒரு ஆள் இல்லை. பத்துப் பேர் வந்துபோனால் அந்த ஒரு இடம் நிரம்பாது, இன்னும் பளிச்சென்று தெரியத்தான் செய்யும். வருகிறவர்களில் யாராவது ஒருவரிடம், அவரைப் பற்றிப் பேசினால் நான் அழுதாலும் பரவாயில்லை, பேச்சை மாற்றாதே என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் உங்களைக் காயப்படுத்திவிடுவோமோ என்றுதான் அவர் பெயரையே எடுக்காமல் இருப்பார்கள்.

துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனால் நாளாக ஆகக் கொஞ்சமும் இளகாமல், தினசரி வேலையே நடக்காத அளவுக்கு அது அப்படியே நிற்குமானால் அதை நீடித்த துக்கம் என்று மருத்துவர்கள் தனியாகவே பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையில் பெரியவர்களுக்கு 12 மாதம். அதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. எட்டு மாதத்தில் அழுகை வருவது நோய் இல்லை. எட்டு மாதமாகப் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லவேண்டியதுதான்.

"அப்பா கூட்டம்னாலே வரமாட்டேங்கறார். போன் எடுத்தாலும் ரெண்டு வார்த்தையில வச்சுடறார். எங்க மேல கோபமா?"

முதலில் காதைப் பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 65 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் காது மந்தமானவருக்குக் கேட்பது இரைச்சல்தான். எல்லோரும் சிரித்த பிறகு ஒரு நொடி தாமதித்துத் தானும் சிரிப்பார். இரண்டு மணி நேரம் அப்படிச் சிரித்துவிட்டு வந்தால் யாருக்குத்தான் அடுத்த தடவை போகத் தோன்றும்? என் சித்தப்பாவைத் திமிர் பிடித்தவர் என்றே நாங்கள் மூன்று வருடம் நினைத்திருந்தோம், அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காது கருவியை வாங்கிக்கொடுத்தால் போதாது, பல கருவிகள் மேஜை டிராயரில்தான் குடியிருக்கின்றன. முதல் சில வாரம் தட்டுச் சத்தமும் காகிதச் சத்தமும் மண்டையில் அடிக்கும், மூளை பழக நாளாகும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் என்று ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போகவேண்டும், கேட்பியல் நிபுணரிடம் இரண்டு மூன்று தடவை திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் காது கருவியால் நினைவுத்திறனில் வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி நோய்க்கான அபாயம் கூடுதலாக இருந்த பிரிவில், மூன்று வருடத்தில் நினைவுத்திறனின் சரிவு 48 சதவீதம் மெதுவாகியிருந்தது.

"இது தனிமையா, மனச்சோர்வான்னு எப்படித் தெரியும்?"

ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், ஓரளவு சரியாக வருகிறது. தனிமையில் இருப்பவருக்கு ஆள் வந்தால் முகம் மலரும். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஆள் வந்தாலும் மலராது, பிடித்த பேரனே வந்தாலும். எதிலும் ஆர்வமில்லாமலோ மனசு கனத்தோ இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருந்தால் டாக்டரிடம் போகவேண்டும். வயதானவர்களுக்கு இது அழுகையாக வராமல் உடம்பு வலியாக, பசியின்மையாக, விடிகாலை மூன்று மணி விழிப்பாக, மறதியாக வரலாம். தைராய்டு குறைபாடு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு இவையும் இதே வேஷத்தில் வரும், அதனால் பரிசோதனை அவசியம்.

"போய்ச் சேர்ந்துட்டா நல்லா இருக்கும்" என்று சொன்னால் அது வழக்கமான சலிப்புத்தான் என்று விட்டுவிடாதீர்கள். உயிரை விடணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும், அதுவரை ஆளைத் தனியே விடக்கூடாது.

"இந்த வயசுல புதுசா யாரு எனக்கு சிநேகிதம் ஆகப்போறாங்க?"

ஒரு நாளில் ஆகமாட்டார்கள் என்பது உண்மை. ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண சிநேகிதராக சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய சிநேகிதராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. அவர் பார்த்தது பெரும்பாலும் இளையவர்களை, இருந்தாலும் இதில் ஒரு சேதி இருக்கிறது. ஒரு தடவை ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "அங்க எல்லாரும் ஏற்கெனவே சிநேகிதங்களா இருக்காங்க, நான் எதுக்கு" என்று திரும்பியவர்கள் கழித்தது இரண்டு மணி நேரம்தான். ஒரே இடம், ஒரே கிழமை, அதே முகங்கள், பத்துத் தடவையாவது போகவேண்டும். சும்மா உட்கார்ந்து பேசுகிற கூட்டத்தைவிட கைவேலை, பாட்டு, செடி, நூலக அலமாரியை அடுக்குவது என்று ஏதாவது செய்கிற கூட்டம் சுலபம், பேச்சு நின்றாலும் சங்கடமாக இருக்காது.

இன்னொன்று. முதல் சந்திப்புக்குப் பிறகு எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நாம் நினைக்கிறோமோ, நிஜத்தில் அதைவிடக் கூடுதலாகவே பிடித்திருக்கும், இதுவும் 2018-இல் சோதித்துப் பார்த்த விஷயம். தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை 2011-இல் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஆள் சேர்த்துவிடுவதைவிட இந்த மாதிரித் தப்பான ஊகங்களைத் திருத்துகிற வகைதான் அதிகம் பலித்தது என்றார்கள்.

"வீடியோ கால், குடும்ப குரூப் எல்லாம் இருக்கே, அது போதாதா?"

பேசப் பயன்படுத்தினால் உதவும், பார்க்க மட்டும் பயன்படுத்தினால் உதவாது. குரூப்பில் தினமும் வருகிற பூப்படமும் காலை வணக்கமும் பேச்சில் சேராது. ஆனால் வணக்கம் அனுப்புகிற பெரியவரைக் கேலி செய்யாதீர்கள். "நான் இருக்கிறேன்" என்று அவர் கை தூக்குகிறார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவதைவிட அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்.

"பேசற பொம்மை, ரோபோ எல்லாம் வந்திருக்காமே? நாய் வளர்த்தா?"

ஜப்பானில் உருவான பாரோ என்ற குட்டிக் கடல்நாய் ரோபோவை மறதி நோயாளிகளின் இல்லங்களில் பல வருடமாகப் பயன்படுத்துகிறார்கள், தடவிக்கொடுத்தால் சிலர் அமைதியாகிறார்கள். பதில் பேசுகிற செயலிகளும் ராத்திரி இரண்டு மணிக்குக் கைகொடுக்கலாம். நான் எதிர்ப்பு இல்லை. ஆனால் இவற்றுக்கு நம்மிடம் எதுவும் தேவைப்படாது, மேலே தையல்காரம்மா கதையில் சொன்ன அந்தக் கனம் இதில் இல்லை. நாய்க்கு அது உண்டு, காலையில் ஆளை எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு போகும். காலில் இடறிவிடவும் செய்யும். நாம் ஆஸ்பத்திரியில் படுத்தால் அதை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இருந்தால் வளர்க்கலாம்.

"எல்லாம் சரி, ராத்திரி பாத்ரூம்ல விழுந்துட்டா? அதுதான் எனக்குப் பயம்."

நியாயமான பயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். தனியாக இருப்பவருக்கு விழுந்ததைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதுதான் பெரிய கேடு, உடம்பு சில்லிட்டுப்போகும், தசை நசுங்கி சிறுநீரகம்வரை பாதிக்கலாம். ஆகவே விழாமல் இருக்க ஒரு ஏற்பாடு, விழுந்தால் தெரிய ஒரு ஏற்பாடு, இரண்டும் வேண்டும். முதலாவதுக்கு பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, வழுக்காத தரை, கண் பரிசோதனை, தூக்க மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் ஒரு பேச்சு, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் கால் பலத்துக்குமான பயிற்சி. தரையிலிருந்து எழுவதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுக்கு அழுத்தினால் தகவல் போகிற பொத்தானைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ போட்டுக்கொள்ளலாம், பாத்ரூமில் கழற்றி வைக்கக்கூடாது. அதுகூட வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டோடு ஒரு ஒப்பந்தம். எனக்குத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் எதிரெதிர் வீடு. காலை ஏழரைக்குள் ஜன்னல் திரையை விலக்கவேண்டும், விலகவில்லை என்றால் எதிராளி சாவியோடு வருவார். ஒரு நாள் ஒருவர் சோம்பலாகத் தூங்கிவிட்டார், ஏழு நாற்பதுக்கு இன்னொருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். நல்ல திட்டு.

"யாரோ ஒருத்தர் அப்பாகிட்ட தினமும் போன்ல ரொம்ப பாசமாப் பேசறார். இப்ப பணம் கேட்டிருக்கார். சொன்னா அப்பா எங்க மேலதான் பாயறார்."

அப்பா முட்டாள் இல்லை. அந்த ஆள் தினமும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறான், அப்பாவின் கதையைக் கேட்கிறான், முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிக்கிறான். போனில் பேசுவதைப் பற்றி மேலே நான் சொன்னதையெல்லாம் நம்மைவிட ஒழுங்காகச் செய்கிறான், ஆனால் பணத்துக்காக. "ஏமாத்தறான்" என்று நீங்கள் சொன்னால் அப்பா காதில் விழுவது "உங்ககிட்ட யாரும் சும்மா பாசமாப் பேசமாட்டாங்க" என்பதுதான். அதனால்தான் பாய்கிறார்.

ஆளைப் பற்றிப் பேசாமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். யாருக்குக் கொடுப்பதானாலும், எனக்கே ஆனாலும், 24 மணி நேரம் கழித்துத்தான், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுத்தான் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம், ரகசியம், பணம் மூன்றும் ஒன்றாக வந்தால் அது மோசடி. ஏற்கெனவே போயிருந்தால் உடனே வங்கிக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள், மணிக்கணக்கு முக்கியம். அப்புறம் அந்த ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் கூப்பிடுங்கள், அந்த இடம் காலியாக இருந்தால் அடுத்த ஆள் வருவான்.

"நான் தனியா நிம்மதியா இருக்கேன். பிள்ளைங்கதான் நம்பமாட்டேங்கறாங்க. என்ன சொல்லிப் புரியவைக்கிறது?"

முதல் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அது போதாது என்றால், அவர்கள் கவலைப்படுவது உங்கள் மனசைப் பற்றியா பாத்ரூமைப் பற்றியா என்று கேளுங்கள். பத்தில் ஏழு தடவை பாத்ரூம்தான். கைப்பிடி போட்டுவிட்டேன், பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது, காலையில் ஒரு குறுஞ்செய்தி வரும் என்று காட்டினால் பாதி சண்டை முடிந்துவிடும். மிச்சப் பாதி அவர்களுடைய குற்ற உணர்ச்சி, அதற்கு நீங்கள் மருந்து தேடவேண்டியதில்லை.

"உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கே அலுத்துப்போச்சு. எப்பப் பேசினாலும் புலம்பல், குத்தல். போன் பண்ணவே பிடிக்கல. நான் மோசமான பொண்ணா?"

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், கேட்காதவர்கள் குறைவு. நீங்கள் மோசமானவர் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்த ஜான் கேசியோப்போ, தனிமை என்பது பசி, தாகம் மாதிரி உடம்பு கொடுக்கிற ஒரு எச்சரிக்கை என்றார். பசித்தவர் எரிந்து விழுவார் இல்லையா? நாள்பட்ட தனிமை ஆளை உஷாராக்கிவிடுகிறது, சாதாரணப் பேச்சிலும் புறக்கணிப்பைத் தேடவைக்கிறது. "என்ன, இன்னிக்காவது ஞாபகம் வந்துதா" என்பது அதுதான். வேண்டியது பக்கத்தில் வா என்பது, வாயில் வருவதோ ஆளைத் துரத்துகிற வார்த்தை.

தாங்கமுடிகிற அளவுக்குக் குறையுங்கள், ஆனால் குறைத்ததை ஒழுங்காக வையுங்கள். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதைவிட வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், மற்ற நாட்களுக்குத் தம்பியோ அத்தை மகளோ. புலம்பலுக்குத் தீர்வு சொல்லாதீர்கள், முதல் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஒரு வேலையைக் கேளுங்கள், மேலே சொன்ன மாதிரி.

என் பட்டியலில் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு வருடமாக இடுப்பு வலி, மாடி வீட்டுச் சத்தம், ரிமோட் வேலை செய்யவில்லை, அரசாங்கம் சரியில்லை, நான் பேசுவது கேட்கவில்லை. ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை, இவருக்கு நான் கூப்பிட்டால் என்ன கூப்பிடாவிட்டால் என்ன என்று நினைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை வேறொரு போன் இழுத்துவிட்டதால் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "நாலு நிமிஷம் லேட்டு" என்றார், அப்புறம் ரிமோட்டைப் பற்றி ஆரம்பித்தார்.